வைத்தது ஐம்பது, மிச்சம் ஐம்பது

பொட்டலம் புல் தின்னாது. இதை மறைக்காமல் நடந்துகொண்டது அந்த வீட்டில் பொட்டலம் ஒன்றுதான்.

பொட்டலம் என்பது முயல் குட்டி. மூன்று மாத வயது. கேக் டப்பாவுக்குள் உட்கார்ந்து, மேலே நூல் கட்டி வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். கொண்டுவந்தவர் பேக்கரியில் கேக்குக்கு க்ரீம் போடும் மாஸ்டர். பேக்கரிக்குப் பக்கத்தில் மீனும் கிளியும் முயலும் விற்றுக்கொண்டிருந்த கடையை மூடினார்கள். எல்லாம் போய் ஒரே ஒரு குட்டி மிஞ்சியது. "எடுத்துட்டுப் போங்க மாஸ்டர். ஒரு தொல்லையும் இல்ல. எதைக் குடுத்தாலும் தின்னும்," என்றார் கடைக்காரர். 'புல்லைத் தவிர' என்று அவர் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

மாஸ்டர் அதை வாங்கியதற்குக் காரணம் முயல் மேல் ஆசை இல்லை, மாமனார். மாஸ்டரின் மனைவி இறந்து அப்போது எட்டு மாதம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமனாரும் மருமகனும், ரத்தாகிப் போன பஸ்ஸுக்காக ஒரே நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் மாதிரி இருந்தார்கள். மாமனார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். வேறு ஊரில் இருக்கும் மகன் வாரம் தவறாமல் போன் போட்டு, "அங்க என்னப்பா பண்றீங்க, இங்க வந்துடுங்க" என்பான். கதவுக்குப் பின்னால் ஒரு பை கட்டித் தயாராக நின்றது. அந்தப் பையைப் பார்க்காமல் செருப்பு மாட்ட மாஸ்டர் ஒரு தனி வித்தையே கற்று வைத்திருந்தார்.

பொட்டலம் வந்த அன்று கூண்டு வைக்க இடம் தேடினார்கள். மாமனார் எழுந்து, பையைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டு, "இங்க வெயிங்க, காத்து வரும்" என்றார். மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பை இறங்கிவிடுமோ என்று பயம்.

ஒரு மாதம் ராஜ வாழ்க்கை. காலையில் பிஸ்கட், மத்தியானம் கேக் ஓரம், இடையில் கலர் கலராக வரும் இனிப்புத் தீனி. பொட்டலம் இரண்டு காலில் நின்று, முன்னங்கால்களைத் தூக்கி, மூக்கை ஆட்டிக் கேட்கும். அப்படிக் கேட்டால் மாஸ்டர் சட்டையைக் கழற்றிக் கொடுக்கும் ஆள். பிஸ்கட் எம்மாத்திரம்?

அப்புறம் ஒரு நாள் அதன் வாயோரம் எச்சில் ஒழுகியது. டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"என்ன குடுக்கறீங்க?"

மாஸ்டர் சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"புல்லு?"

"எந்தப் புல்லு டாக்டர்?"

அவர் பேனாவை மேஜை மேல் வைத்தார்.

"கேரட்டும் குடுக்கறோம்," என்றார் மாஸ்டர், விட்டதைப் பிடிப்பதுபோல. "கார்ட்டூன்லல்லாம் சாப்பிடுமே."

"கார்ட்டூன்ல அது பேசவும் செய்யும்." டாக்டரம்மா குட்டியின் வாயைத் திறந்து சின்ன விளக்கை அடித்தார். "இங்க பாருங்க. முயலுக்குப் பல்லு சாகற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும். காய்ஞ்ச புல்லை நாள் பூரா அரைச்சு அரைச்சுத்தான் தேயும். இல்லன்னா கடவாப்பல்லு முள்ளு மாதிரி வளந்து நாக்கைக் குத்தும். குத்தினா திங்காது. திங்கலன்னா அரை நாள்ல வயிறு நின்னுடும். வயிறு நின்னா அவ்வளவுதான். இது குட்டி, இப்பப் பழக்கினாத்தான் உண்டு. புல்லு எப்பவும் முன்னால கெடக்கணும். கொஞ்சம் கீரை. தீனி ஒரே ஒரு ஸ்பூன். பிஸ்கட்டு, கேக்கு வாசனைகூடக் கூடாது."

மாஸ்டர் மெதுவாகத் தன் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

"மூணு வாரம் பாப்போம். தினமும் எவ்வளவு புல்லு திங்குதுன்னு எழுதிட்டு வாங்க."

எழுதுவது என்றதும் இருவருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அதில் பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் மாஸ்டரின் மனைவி படுத்திருந்த பத்து வாரமும் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறார்கள், பகலில் மாமனார், இரவில் மாஸ்டர்.

மாமனார் வேலையில் இருந்தபோது எடை அளவு ஆய்வாளர். முப்பத்து நாலு வருஷம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்களுக்கு வேர்த்துக் கொட்டுமாம். சொன்னது அவரேதான், ஆனாலும் நம்பலாம். அலமாரியிலிருந்து தன் பித்தளைத் தராசை எடுத்துத் துடைத்தார். ஒரு தாளில் கோடு போட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினார். 'வைத்தது', 'மிச்சம்', 'தின்றது'. காலை ஐம்பது கிராம், மாலை ஐம்பது கிராம். காலை முறை அவருக்கு. விடியுமுன் பேக்கரிக்குப் போய் மத்தியானம் திரும்பும் மாஸ்டருக்கு மாலை முறை.

"மாப்பிள்ளை, தராசுல கை படாம நிறுக்கணும்."

"சரிங்க மாமா."

"மூச்சும் விடாதீங்க. காய்ஞ்ச புல்லு, பறக்கும்."

முதல் மாலை மாஸ்டர் மூச்சைப் பிடித்து நிறுத்து வைத்தார். பொட்டலம் வந்து முகர்ந்தது. ஏறி உட்கார்ந்தது. இடம் வசதியாக இருக்கவே, மூத்திரமும் பெய்தது.

மாஸ்டர் லேசில் விடுகிறவர் இல்லை. புல்லைச் சுருட்டிக் காகிதக் குழலுக்குள் திணித்தார். கொத்தமல்லிக் கட்டுக்கு நடுவில் ஒளித்தார். பொட்டலம் கொத்தமல்லியைத் தனியாக, புல்லைத் தனியாகப் பிரித்தது. பேக்கரியில் அப்படிப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் உடனே வேலை போட்டுக் கொடுக்கலாம். கடைசியில் தரையில் மண்டியிட்டு, ஒரு புல்லைத் தன் வாயில் வைத்து, "ம்ம், அடடா, என்ன ருசி" என்று மென்று காட்டினார். பொட்டலம் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. அவருக்குத்தான் வயிற்றைப் புரட்டியது.

அப்புறம் அது இரண்டு காலில் நின்றது. மூக்கை ஆட்டியது. ஒரு ஸ்பூன் தீனியை எப்போதோ முடித்துவிட்டிருந்தது. விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது. மாஸ்டர் சமையலறைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்த கேக் ஓரத்தில் சுண்டுவிரல் அளவு கிள்ளிக் கொடுத்தார். இன்னைக்கு ஒரு நாள்தானே. நாளையிலிருந்து கண்டிப்பு.

எழுதப் போனபோதுதான் காலை வரி கண்ணில் பட்டது. மாமனாரின் குண்டுக் கையெழுத்து: வைத்தது 50, மிச்சம் 22, தின்றது 28.

இருபத்தெட்டா!

மாஸ்டருக்குச் சந்தோஷமும் வந்தது, சுருக்கென்று ஒரு குத்தும் வந்தது. பெரியவர் கொடுத்தால் தின்கிறது. நம்மிடம்தான் வேலையைக் காட்டுகிறது. ஜன்னலோரம் மாமனார் மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, "என்ன, சாயங்காலம் எவ்வளவு?" என்றார். ஒன்பது மாதத்தில் அவர் எதைப் பற்றியும் அப்படி ஆவலாகக் கேட்டதில்லை. பூஜ்யம் என்று எப்படிச் சொல்வது?

"இருபத்தஞ்சு, மாமா."

"பரவால்லயே!" கிழவர் தொடையைத் தட்டினார். "பழகிடுச்சு பாத்தீங்களா? நான் சொல்லல?"

அந்தத் தொடைத் தட்டலில் மாஸ்டர் விழுந்தார்.

எழுதினால் மட்டும் போதாது, எழுதிய அளவு புல் காணாமல் போகவும் வேண்டுமே. மாமனார் நிறுத்துப் பார்த்தால் முகத்தில் ஈயாடாது. எனவே தினமும் இருபத்தைந்து கிராம் புல் மாஸ்டரின் பேன்ட் பாக்கெட்டில் பேக்கரிக்குப் பயணமானது. அங்கே குப்பைத் தொட்டியில் போடுவார். ஒரு நாள் கல்லாவில் இருக்கும் அக்கா ஒரு பிறந்தநாள் கேக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மாஸ்டர், இது என்ன, பொறந்தநாளு பிள்ளைக்கா, மாட்டுக்கா?"

ரோஜாப்பூவுக்கு நடுவில் மூன்று புல் நட்டுக்கொண்டு நின்றது.

"அது... அலங்காரம்க்கா. புது மாடல்."

"புது மாடலா? இத வாங்கறவங்க அசை போட்டுட்டுத்தான் வருவாங்க." புல்லை உருவி அவர் காதில் செருகிவிட்டுப் போனாள்.

வீட்டில் தாள் நிறைந்துகொண்டே வந்தது. காலையில் முப்பது என்று பார்த்தால், மாலைக்கு மாஸ்டர் முப்பத்திரண்டு போடுவார். பின்தங்கினால் பெரியவர் மனசு நோகும். மறுநாள் காலை முப்பத்தைந்து வரும். மாலை முப்பத்தெட்டு. காலை நாற்பத்திரண்டு. தாளில் ஒரு சின்னக் கன்றுக்குட்டி புல்லை வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. கூண்டில் பொட்டலம் எலும்பும் தோலுமாக, சுண்டுவிரல் கேக்குக்காக நின்றுகொண்டிருந்தது. புழுக்கை பெரிதாக, உருண்டையாக விழ வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மிளகு அளவில்தான் விழுந்தது, அதுவும் எண்ணினால் எண்ணலாம். மாஸ்டர் எண்ணவில்லை.

மாமனார் மட்டும் தேறினார். சவரம் செய்தார். கடைத்தெருவுக்குப் போய்க் கீரை பார்த்து வாங்கினார், தராசுத் தட்டில் விரல் வைத்த கீரைக்காரருக்கு வகுப்பும் எடுத்துவிட்டு வந்தார். போனில் மகனிடம், "இப்ப வர முடியாதுடா, இங்க ஒரு பொறுப்பு இருக்கு" என்றார். மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, மாலை வரிசையில் நாற்பத்து நாலு என்று எழுதினார்.

மூன்று வாரம் முடிந்தது. டாக்டரம்மா தாளை மேலிருந்து கீழே வரை விரல் வைத்துப் படித்தார். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இவ்வளவு புல்லு திங்குதா?"

இருவரும் தலையாட்டினார்கள். மாஸ்டர் தன் பாதி பொய் என்று அறிவார். ஆனால் காலைப் பாதி உண்மைதானே? பாதி உண்மை என்பது மோசமில்லை.

"அப்படின்னா எனக்குச் சந்தேகமே இல்ல." டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "பல்லு இன்னும் மோசமாயிருக்கு. இவ்வளவு அரைச்சும் தேயலன்னா, பொறக்கும்போதே தாடை கோணல். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரல. சாப்பாட்டால சரி பண்ண முடியாது. மாசா மாசம் மயக்கம் குடுத்துத் தேய்க்கணும். இந்த எடையில ஒவ்வொரு தடவையும் பொழைக்கறது பாதிக்குப் பாதிதான்." கொஞ்சம் நிறுத்தினார். "வலி இல்லாம அனுப்பி வெக்கறதப் பத்தியும் யோசிச்சுக்கோங்க. அவசரமில்ல."

வெளியே பஸ் நிறுத்தத்தில் பெஞ்சு இருந்தது. நடுவில் கூடையை வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கூடைக்குள் பொட்டலம் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. வலித்தால் அப்படிச் செய்யுமாம்.

மாமனார் தெருவைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பை பரண்ல எந்தப் பக்கம் இருக்கு?" என்றார்.

மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். "மாமா, ஒண்ணு சொல்லணும். தாடை கோணல்னு சொன்னாங்கல்ல... ஒருவேளை இருக்காது. அந்தத் தாள்ல என் பாதி பொய்யி."

"எந்தப் பாதி?"

"சாயங்காலம். ஒரு நாளும் தின்னதில்ல. ஒரு புல்லுகூடத் தின்னதில்ல. நான்தான் பேன்ட் பாக்கெட்ல எடுத்துட்டுப் போயிடுவேன். நீங்க குடுத்தா திங்குது, நான் குடுத்தா திங்கலன்னு சொல்ல..."

கிழவர் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம், "என் தலைகாணி ஏன் இவ்வளவு உசரமா இருக்குன்னு நீங்க ஒரு நாளாவது யோசிச்சீங்களா?" என்றார்.

மாஸ்டர் யோசித்ததுண்டு. தலையணை படுத்தால் சரசரவென்று வேறு சத்தம் போடும். பஞ்சு மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தார்.

"மூணு வாரம்," என்றார் மாமனார். "உறையைப் பிரிச்சு உள்ள திணிச்சுடுவேன். முதல் நாளு சும்மா இருபத்தெட்டுன்னு போட்டேன், நீங்க வேலை விட்டு வந்து பாத்தா மனசு ஆறுமேன்னு. நீங்க இருபத்தஞ்சு போட்டீங்க. சரி, மாப்பிள்ளைகிட்டத் திங்குது, நம்மகிட்டத்தான் திங்கலன்னு... பிஸ்கட்டும் குடுத்தேன். நிக்குதே மாப்பிள்ளை, ரெண்டு காலுல."

"நானும் கேக்கு குடுத்தேன்."

"முப்பத்து நாலு வருஷம்," என்றார் கிழவர். "அஞ்சு கிராம் கொறைஞ்சதுக்குக் கடையைப் பூட்டியிருக்கேன்."

ஒரு பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை. நடத்துனர் எட்டிப் பார்த்து, "வரலியா?" என்றார். வரவில்லை. பஸ் போனது. புகை அடங்கிய பிறகு மாஸ்டர் கேட்டார்.

"மாமா, அந்த நோட்டுல..."

எந்த நோட்டு என்று மாமனார் கேட்கவில்லை.

"பகல்ல சூப்பு பன்னெண்டு ஸ்பூன்னு எழுதியிருப்பீங்க."

"மூணு," என்றார் கிழவர். "நல்ல நாள்ல. நைட்டு நீங்க பதினஞ்சு எழுதியிருந்தீங்க."

"ரெண்டு. அதையும் துப்பிடுவா."

"நீங்க எழுதினதப் பாத்துட்டு, சரி, ராத்திரியாவது எம்பொண்ணு சாப்பிடறான்னு..."

"நீங்க எழுதினதப் பாத்துட்டுத்தான் மாமா நானும்."

அங்கேயும் ஒரு டாக்டர் தினமும் அந்த நோட்டைப் பார்த்து, 'நல்லா சாப்பிடறாங்க, பரவால்ல' என்று தலையாட்டிவிட்டுப் போவார். அந்த நோய்க்கு இன்னும் பத்து ஸ்பூன் சூப் ஒன்றும் செய்திருக்காது என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. இனிமேல் கேட்க ஆளும் இல்லை.

மாமனார் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். "வாங்க, உள்ள போயி சொல்லிடலாம்." கூடையைத் தூக்க மாஸ்டர் கை நீட்டினார். கிழவர் கொடுக்கவில்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் திட்டவில்லை.

"அப்போ தாடை நல்லாத்தான் இருக்கலாம்," என்றார். "மொத வாரமே இதச் சொல்லியிருந்தா வேற மாதிரி பழக்கியிருக்கலாம். இப்ப புல்லு திங்கணும்னு ஆசை வந்தாலும் வாயில புண்ணு. நாளைக்கு விட்டுட்டுப் போங்க, தேய்க்கறேன். பொழைச்சு வந்தாலும், அதுவா புல்லு திங்கலன்னா நாலு வாரத்துல இதே இடத்துலதான் நிப்போம். அடுத்த தடவை நான் தேய்க்க மாட்டேன். அது பாவம்."

"புரியுது டாக்டர்," என்றார் மாமனார்.

பொட்டலம் பிழைத்து வந்தது. முன்னங்காலில் ஒரு கட்டு, ஊசி போட்ட இடம் மழித்து, பாதிப் பொட்டலமாக வந்தது. புல்லைப் பொடித்துக் கரைத்த கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வாயோரமாகச் செலுத்த வேண்டும். மாஸ்டர் ரோஜாப்பூ பிழியும் கைப்பக்குவத்தில் செலுத்துவார். அது அவரைப் பார்த்துக்கொண்டே பாதியைத் தாடை வழியாக வெளியே விடும்.

கேக் இல்லை. பிஸ்கட் இல்லை. மாஸ்டர் வேலை முடிந்து சட்டையை வாசலிலேயே மாற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஃப்ரிட்ஜ் மேல் புதுத் தாள் ஒட்டியாயிற்று. தராசு அதேதான். இப்போது மாலையில் நிறுக்கும்போது இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

வைத்தது 50. மிச்சம் 50. தின்றது 0.

வைத்தது 50. மிச்சம் 50. தின்றது 0.

மூன்றாம் நாள் காலை வரியில் 'மிச்சம் 57' என்றிருந்தது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"மூத்திரம் பெஞ்சிருக்கு," என்றார் மாமனார். "உள்ளத உள்ளபடி போட்டேன்."

பன்னிரண்டு நாள் அப்படியே போனது. பன்னிரண்டு நாளும் பூஜ்யம். கீரையில் கொஞ்சம் கடித்தது, அது வேறு வரிசை. பொட்டலம் இரண்டு காலில் நிற்பதையே விட்டுவிட்டது. மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தது. பரணிலிருந்து பை இறங்கவில்லை. ஆனால் மாமனார் ஒரு நாள் அதன் தூசியைத் தட்டியதை மாஸ்டர் பார்த்தார்.

பதிமூன்றாம் நாள் மாலை, மாஸ்டர் மிச்சத்தை அள்ளித் தட்டில் வைத்தார். தராசு முள் நடுவில் நிற்கவில்லை. எதிர்த் தட்டிலிருந்து இரண்டு கிராம் எடுத்த பிறகுதான் நின்றது. நாற்பத்தெட்டு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாஸ்டர் தரையில் மண்டியிட்டார். கூண்டுக்கு அடியில் இரண்டு புல் கிடந்தது. கம்பளத்தில் நாலு. மாமனார் தன் வேட்டி மடிப்பை உதறினார், ஒன்று விழுந்தது. எல்லாவற்றையும் தட்டில் சேர்த்தார்கள். நாற்பத்தொன்பது.

"நல்லாத் தேடினீங்களா?"

"தேடிட்டேன் மாமா."

"உங்க பாக்கெட்டு?"

மாஸ்டர் பேன்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். காலி. மாமனாரும் எழுந்து போய், தலையணையை எடுத்து வந்து அமுக்கிக் காட்டினார். புதுப் பஞ்சு. சத்தமில்லை.

ஒரு கிராம் எங்கேயும் இல்லை.

மூலையில் பொட்டலம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அதன் தாடை அசைகிறதா என்று மாஸ்டர் குனிந்து பார்த்தார். அசைந்த மாதிரி இருந்தது. வலியில் பல்லைக் கடித்தாலும் அப்படித்தான் அசையும்.

"எழுதட்டுமா மாமா? ஒண்ணு?"

கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு தராசு முள்ளைப் பார்த்தார். அந்தத் தராசின் அடியில் இருந்தது அவர் கையாலேயே குத்திய முத்திரை.

"இந்தத் தராசுல ஒரு கிராம் முன்னப் பின்ன வரும், மாப்பிள்ளை. சட்டத்துலயே விட்டிருக்காங்க. ஒண்ண வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." பென்சிலை எடுத்து நீட்டினார். "பூஜ்யம் போடுங்க."

மாஸ்டர் பூஜ்யம் போட்டார். அதிலே கொஞ்ச நேரம் பென்சிலை வைத்துக்கொண்டே நின்றார்.

மாமனார் எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே, புல்லைப் பற்றிக் கேட்ட அதே குரலில், "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார்.

"சாப்ட்டேன் மாமா."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ கடைக்காரர்களைப் பார்த்த பார்வை.

"இல்ல மாமா," என்றார் மாஸ்டர். "சாப்பிடல."

"நானும்தான்," என்றார் மாமனார். பெட்டியை மூடினார்.